நான்காம் கட்டில் கடிதம்

ரொறன்ரோவுக்கு வந்த நான்கு வருடங்களில் பேர்ணடெற்றுக்குப் பல பெயர்கள் கிடைத்திருந்தன. ஒஷாவாவில் முதியவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் இல்லத்தில் அவள் பேர்னி. பிக்கரிங்கில் தம்பி கிளிபோட்டின் பிள்ளைகளுக்கு மாமி. கோயிலில் ‘அந்த மன்னார்ப் பிள்ளை’. நாற்பத்தொரு வயதில் பிள்ளை என்று ஒருவர் சொல்வது ஆறுதல்தான், குறை சொல்லக்கூடாது. நிலக்கீழ் அறையை வாடகைக்கு விட்ட புனிதவதி யாருடனாவது போனில் கதைக்கும்போது அவளை ‘எங்கட பேஸ்மன்ற்’ என்பாள். “எங்கட பேஸ்மன்ற் ஒரு சத்தமும் போடாது” என்று பெருமையாகச் சொல்வது மேலேயிருந்து கேட்கும். உண்மைதான். சத்தம் போட்டுக் கதைக்க அங்கே இன்னொரு ஆள் வேண்டுமே.

மன்னார் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் அவளுக்கு ஒரே பெயர்தான் இருந்தது. டொக்டர். சந்தையில் மீன் வாங்கினாலும் டொக்டர். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டால்கூட சுவாமியார் மறதியில் “சொல்லுங்கோ டொக்டர்” என்றுவிடுவார். ரொறன்ரோவில் அந்தப் பெயரை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பரீட்சைகள் எல்லாவற்றையும் நல்ல புள்ளிகளோடு பாஸ் பண்ணிவிட்டாள். மிச்சம் ரெசிடென்சி. ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருடப் பயிற்சி. அது கிடைத்தால் திரும்பவும் டொக்டர், கிடைக்காவிட்டால் பேர்னி. விண்ணப்பத்தோடு ஒரு சொந்தக் கடிதம் அனுப்பவேண்டும். நான் யார், ஏன் குடும்ப வைத்தியராக விரும்புகிறேன் என்று எண்ணூறு சொல்லுக்குள். அவள் போட நினைத்த இடங்கள் எல்லாம் கடைசி ஐந்து வருடத்துக்குள் நோயாளரைப் பார்த்திருக்கவேண்டும் என்றன. அவளுடைய ஐந்து வருடம் வருகிற ஆனியோடு முடிகிறது. ஆகவே இந்தமுறை, இல்லையென்றால் இல்லை.

கடிதத்தை இரண்டே நாளில் எழுதி முடித்தாள். பேசாலையில் யாக்கோப்பு என்றொரு மீனவர். சலரோகம். குளிசையை ஒழுங்காகப் போடமாட்டார். முந்திய டொக்டர்மார் எல்லாரும் அவரை ஏசி அனுப்பியிருந்தார்கள். இவள் ஏசவில்லை, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். விடியக் காலமை கடலுக்குப் போய், பத்து மணிக்குக் கரைக்கு வந்துதான் சாப்பாடு என்றார். குளிசை நேரமோ கந்தோர் உத்தியோகத்தரின் காலைச் சாப்பாட்டுக்குப் போட்டது. இவள் வள்ளம் போய்வரும் நேரத்துக்கு அதை மாற்றி எழுதிக் கொடுத்தாள். மூன்று மாதத்தில் சீனி இறங்கியது. யாக்கோப்பர் ஒரு பாரைமீனோடு வந்து நின்றார். நோயாளியின் நாள் எப்படிப் போகிறது என்று கேட்பதில்தான் வைத்தியம் தொடங்குகிறது என்று அன்றைக்கு விளங்கிற்று. இவ்வளவுதான் கடிதம்.

யாரிடமாவது வாசிக்கக் கொடுக்க ஆசையாக இருந்தது. தம்பியைக் கேட்டாள். “அக்கா, நான் ட்ரக் ஓடுறவன். உது எனக்கு விளங்காது” என்றான் கிளிபோட். அடுத்த ஞாயிறு கோயில் அறிவித்தல் பலகையில் பச்சைத் தாள் ஒன்றைக் கண்டாள்: புலம்பெயர் வைத்தியர் கடித நல நிலையம். ரெசிடென்சிக் கடிதங்களுக்கு இலவச ஆலோசனை. சனிக்கிழமைகளில் மட்டும்.

நிலையம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில், கொத்துரொட்டிக் கடைக்கு நேர்மேலே இருந்தது. கதவைத் திறந்ததும் பேர்ணடெற்றுக்கு டெற்றோல் மணத்தது. நீளமேசையில் பத்துத் தட்டங்கள். ஒவ்வொன்றிலும் ‘கட்டில் 1’, ‘கட்டில் 2’ என்று எழுதி ஒட்டி, ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கடிதம் படுத்திருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் மூன்று பேர். கிருஷ்ணவேணி மதுரையில் குழந்தை வைத்தியராக இருந்தவர். திங்கள் முதல் வெள்ளிவரை ஒரு வங்கிக்குப் போன் எடுப்பவர்களுக்குப் பதில் சொல்கிறார். அன்புராசா மயக்க மருந்து டொக்டர், டக்சி ஓட்டுகிறார். தலைவர் அகஸ்ரின் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தவர். பதினாறு வருடமாக இன்சூரன்ஸ் விற்கிறார்.

கிருஷ்ணவேணி கையுறை போட்டுக்கொண்டு கடிதத்தை வாங்கினார்.

“எத்தனை நாளா இருக்கு?”

“எழுதி ரெண்டு கிழமை.”

“இதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“இல்லை.”

“குடும்பத்துல வேற யாருக்காவது கடிதம் எழுதுற பழக்கம்?”

பேர்ணடெற் யோசித்து, அப்பா அரசாங்கக் கச்சேரிக்குப் பெட்டிசம் எழுதுவார் என்றாள். கிருஷ்ணவேணி அதைப் பரம்பரை என்ற கட்டத்துக்குள் எழுதிக்கொண்டு சொற்களை எண்ணினார். “எடை எழுநூத்தி எண்பது. பரவாயில்லை, மெலிஞ்சு போகலை.”

பிறகு அகஸ்ரின் வந்தார். கடிதத்தைத் தூக்கி, எக்ஸ்ரே பார்ப்பதுபோல யன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி, “இருங்கோ டொக்டர்” என்றார்.

பேர்ணடெற் சட்டென்று கதிரையில் இருந்துவிட்டாள். நான்கு வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதவாயில் இருந்து அந்தச் சொல் வந்திருந்தது. அன்றைக்கு அதன்பின் அவர் சொன்ன எதையும் அவள் மறுத்துப் பேசவில்லை. அவளுடைய கதை கெட்டது அந்த இடத்தில்தான்.

“வெளிப்பார்வைக்கு நல்லாய்த்தான் இருக்கு,” என்றார் அகஸ்ரின். “அதுதான் எனக்குப் பயமாக்கிடக்கு. இருபது வருசம் வயிறு வெட்டினவன் சொல்லுறன் டொக்டர், நோவு இல்லாத இடத்திலதான் கட்டி இருக்கும். உந்தக் கடிதத்தை நாலாம் கட்டிலிலை அட்மிட் பண்ணுங்கோ.”

கடிதம் அட்மிட் ஆகியது. கடிதத்தின் சொந்தக்காரருக்குப் பார்வையாளர் நேரம் சனி பன்னிரண்டு முதல் ஒரு மணிவரை. பேர்ணடெற் அடுத்த கிழமை போனபோது மற்றக் கட்டில்காரர்களும் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்க வெறுங்கையோடு போகும் பழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லையல்லவா? ஒருவர் ரோல்ஸ், ஒருவர் உளுந்துவடை, ஒருவர் ஒரு பை தோடம்பழம். கடிதங்கள் சாப்பிடாது என்பதால் வைத்தியர்கள் சாப்பிட்டார்கள். அடுத்தடுத்த கிழமைகளில் பேர்ணடெற்றும் மீன் கட்லற் பொரித்துக் கொண்டுபோனாள். ஒரு ஆளுக்கு மேலே சமைத்து எவ்வளவு காலம் என்று அடுப்படியில் நின்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோசமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஒரு மணிக்கு ரவுண்ட். அகஸ்ரின் முன்னே, மற்ற இருவரும் பின்னே, கட்டில் கட்டிலாக.

“நாலாம் கட்டில்?”

“ரெண்டாவது பேராவுல கடல் இருக்கு டாக்டர்,” என்றார் கிருஷ்ணவேணி. “படிக்கிறவங்க வெள்ளைக்காரங்க. கடல்னா அகதி, படகுன்னு அவங்களுக்குப் பயம் வந்துரும்.”

“எடுக்கவேணும்,” என்றார் அகஸ்ரின். “ஏரி வையுங்கோ. ஒன்ராறியோ ஏரி.”

அந்தக் கிழமை கடல் வெட்டி எடுக்கப்பட்டது. யாக்கோப்பர் ஒன்ராறியோ ஏரியில் மீன் பிடித்தார். அடுத்த கிழமை, ஏரி குளிரில் உறைந்தால் ஆள் என்ன செய்யும் என்று அன்புராசா கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே வள்ளமும் வெட்டப்பட்டது. அதற்குப் பதிலாகப் பிக்கரிங்கிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகும் ரயில் பொருத்தப்பட்டது. அதற்கும் அடுத்த கிழமை, யாக்கோப்பு என்ற பெயர் வாசிப்பவரின் நாக்கில் தடக்கும் என்று அதை எடுத்து ‘திரு ஜே’ ஆக்கினார்கள். பாரைமீன் நாறும் என்பதால், திரு ஜே நன்றி மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் அன்புராசா ஒவ்வொரு பேராவாக எடுத்துப் பதப்படுத்தினார். மயக்க மருந்தில் அவர் பெரிய கெட்டிக்காரர். அவர் கை பட்ட பேராவை யார் வாசித்தாலும் நடுவில் ஒரு கொட்டாவி வரும்.

பேர்ணடெற் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “டொக்டர், உந்த ரயில்லை போற ஆளை நான் காணேல்லையே. பொய் மாதிரிக் கிடக்கு.”

அகஸ்ரின் கோபிக்கவில்லை. புதிதாக வந்த பயிற்சி டொக்டருக்கு விளங்கப்படுத்துகிற பொறுமையோடு சொன்னார்: “பொய் வேறை, பொருத்துறது வேறை. செயற்கைக் கால் பொய்யோ? ஆள் நடக்குதெல்லோ. இதே மாதிரித்தான். நான் உங்களிட்டைக் கேக்கிறன், உங்கட அபிப்பிராயம் என்ன, டொக்டர்?”

அபிப்பிராயம் கேட்டுவிட்டார். கிழமையின் மற்ற ஆறு நாட்களும் அவளிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அந்தக் கிழமைச் செவ்வாய்தான் இல்லத்தில் ஒரு கிழவரின் ஒற்றைக்கால் வீங்கிச் சூடாக இருந்ததைக் கண்டு, இரத்தக்கட்டியாக இருக்கலாம் என்று நேர்ஸிடம் சொன்னாள். “பேர்னி, அது உன்னுடைய வேலை இல்லை, செல்லம்” என்றாள் நேர்ஸ். அது வேலை இல்லை என்று ஆனபிறகும் கிழவரின் கால் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. வியாழன் அவரை அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இரத்தக்கட்டிதான்.

ஆகவே அகஸ்ரினுக்குச் சொன்னாள்: “ஓம் டொக்டர். பொருத்தினால் நல்லதுதான்.”

கார்த்திகைக் கடைசியில், முடிவு திகதிக்கு முதல்நாள், நாலாம் கட்டில் கடிதம் ‘பூரண சுகம்’ என்ற முத்திரையோடு டிஸ்சார்ஜ் ஆகியது. பேர்ணடெற் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தாள். அழகான ஆங்கிலம். பிழை ஒன்றுமில்லை. யாரோ ஒருத்தி எழுதியிருந்தாள். அவள் யார் என்று பேர்ணடெற்றுக்குத் தெரியவில்லை. முத்திரை குத்தியாயிற்றே என்று அனுப்பிவிட்டாள்.

ஒரேயொரு இடத்திலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு இடம் போட்டவளுக்கு ஒன்று போதுமே. தை மாதத்தில் ஒரு காலை, பின்சுவரில் இருந்த மாதா படத்தைக் கழற்றி வைத்துவிட்டு (அகஸ்ரினின் ஆலோசனை) கணினிக்கு முன்னால் இருந்தாள். திரையில் நரைத்த முடியோடு ஒரு பெண் டொக்டர். நல்ல மனுசி, முகத்திலே தெரிந்தது.

“உங்கள் கடிதத்தில் வரும் திரு ஜேயை எனக்குப் பிடித்துவிட்டது,” என்றார். “நானும் அதே ரயிலில்தான் இருபது வருடம் போனேன். அவரைப் பற்றி இன்னும் சொல்லுங்கள். எப்படிப்பட்ட மனிதர்?”

பேர்ணடெற் வாயைத் திறந்தாள். திரு ஜேயைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. யாக்கோப்பரைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலம் சொல்லியிருப்பாள். அவர் வள்ளத்தின் நிறம், கடைசி மகள் கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றது, குளிசையை வலைக்குப் போடும் ஈயக்குண்டுப் பையில் வைத்திருந்தது, சிரிக்கும்போது பல்லை மறைத்துக்கொள்வது. அந்த மனிதரைத் தானே ஓம் சொல்லி வெட்டக் கொடுத்ததை நினைக்க அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

“அவர்... நேரத்துக்கு வருவார்,” என்றாள்.

அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் காத்திருந்துபார்த்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார். பங்குனியில் முடிவு வந்தது. இரண்டு வரி. அன்புள்ள விண்ணப்பதாரரே, வருந்துகிறோம்.

கிளிபோட்டுக்குப் போன் எடுத்தாள். அவன் எங்கேயோ நெடுஞ்சாலையில் இருந்தான். “விடு அக்கா. உனக்கு இப்ப வேலை இருக்குத்தானே” என்றான். அவன் சொன்னதில் குற்றம் இல்லை. போனை வைத்தபிறகு அறைக்குள் ஃபிரிட்ஜ் மட்டும் சத்தம் போட்டது. அடுத்ததாக யாருக்குச் சொல்வது என்று யோசித்தாள். ஒருவரும் மனதுக்கு வரவில்லை.

சனிக்கிழமை கால்கள் தன்பாட்டில் நிலையத்துக்குப் போயின. அங்கே அவளுக்காகக் காத்திருந்தார்கள். மரண ஆய்வுக் கூட்டம். ஒரு கடிதம் இறந்தால் ஏன் இறந்தது என்று ஆராய்வது நிலையத்தின் மரபு. நாலாம் கட்டில் தட்டத்தின்மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அகஸ்ரின் எழுந்தார்.

“மதிப்புக்குரிய டொக்டர்மாரே. எங்கட நிலையத்திலை இண்டைவரைக்கும் நானூற்றிப் பதினேழு கடிதத்துக்கு வைத்தியம் பாத்திருக்கிறம். ஒரு கடிதமாவது வைத்தியம் பாக்காமல் சாகேல்லை. இந்தக் கடிதத்துக்கும் நாங்கள் செய்யாதது ஒண்டுமில்லை. நாலு ஒப்பரேஷன். நாலும் வெற்றி. கடல் முழுசா எடுபட்டிட்டுது, மீன் திரும்ப வளரேல்லை. ஒரு குறையுமில்லாமல்தான் போய்ச் சேர்ந்தது.”

அன்புராசா தலையசைத்தார். “சாகேக்கையும் நோவே இல்லை.”

“டொக்டர், ஒண்டு கேக்கலாமோ?” என்றாள் பேர்ணடெற். “நானூற்றிப் பதினேழிலை எத்தினை பேருக்கு இடம் கிடைச்சது?”

அகஸ்ரின் ஃபைலைப் பிரட்டினார். “கிடைச்சவை ரெண்டு பேர். ரெண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் இடையிலை கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின கேஸுகள். வைத்தியத்துக்கு ஒத்துழைக்காத ஆக்கள். உவையை நாங்கள் கணக்கிலை எடுக்கிறேல்லை.”

“நீங்கள் மூண்டு பேரும்...?”

“நாங்களும் உந்தக் கட்டில்களிலை கிடந்தனாங்கள்தானே,” என்றார் அவர். முதன்முதலாக அவர் குரல் தாழ்ந்தது. “அதாலைதான் எங்களுக்கு இவ்வளவு அனுபவம்.”

பிறகு அவளுக்கு ஒரு பொதி கொடுத்தார்கள். வெள்ளைக் கோட்டு. சட்டைப்பைக்கு மேல் நீல நூலால் ‘டொக்டர் பேர்ணடெற்’ என்று தைத்திருந்தது. கிருஷ்ணவேணி தன் கையாலேயே தைத்தாராம். “இனிமே எங்ககூடவே இருங்க டாக்டர்,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. பேர்ணடெற் கோட்டைப் போட்டுக்கொண்டாள். அளவாக இருந்தது. இவர்கள் தன்னைக் கெடுத்தவர்கள் என்று அவளுக்குத் தெரியும். இவர்களைவிட்டால் தனக்கு ஒருவரும் இல்லை என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை.

ஆனி வந்து போயிற்று. ஐந்து வருடம் முடிந்தது. சனிக்கிழமைகளில் மட்டும் அவள் டொக்டராக இருந்தாள்.

கார்த்திகையில், முடிவு திகதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, நதீஷா என்றொரு பெண் வந்தாள். இருபத்தேழு வயதிருக்கும். இங்கே பிறந்து அயர்லாந்தில் மருத்துவம் படித்தவள். ஓடிவந்த மூச்சோடு நின்றாள். “சொறி டொக்டர், லேட் ஆயிட்டேன். ஐ நோ இட்ஸ் பாட். பிளீஸ், ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ.”

அன்றைக்குப் புதுக் கட்டில் பார்ப்பது பேர்ணடெற்றின் முறை. கடிதத்தை வாங்கி நின்றபடியே வாசித்தாள்.

பதினாலு வயதில் நதீஷா தகப்பனோடு ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கிறாள். டொக்டர் புற்றுநோய் என்றார். பிள்ளை தகப்பனைத் திரும்பிப் பார்த்து, “வயித்திலை புண்ணாம் அப்பா, குளிசை தருவினமாம்” என்று சொல்லிவிட்டாள். தகப்பன் சந்தோசத்தில் வரும் வழியில் அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார். அதை முழுவதும் சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தாள். எந்தப் பிள்ளைக்கும் அந்த வேலையைக் கொடுக்காத டொக்டராக வேண்டும் என்று முடித்திருந்தாள்.

பேர்ணடெற் இரண்டாம் தரமும் வாசித்தாள். கடிதத்தின் நாடி ஒழுங்காக அடித்தது. ஒரு நோய்நொடியும் இல்லை.

மற்ற மூவரும் அதற்குள் சுற்றிவர வந்து நின்றுவிட்டார்கள். அகஸ்ரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “பிள்ளை பொய் சொல்லுது. அது எடுபடவேணும். தகப்பனும் அவ்வளவு தேவையில்லை.”

“ஐஸ்கிறீம்ல உணர்ச்சி ஜாஸ்தி,” என்றார் கிருஷ்ணவேணி.

அன்புராசா ஏற்கெனவே பேனையைத் திறந்துவிட்டார். “ஆறாம் கட்டில் காலியாக் கிடக்கு, டொக்டர்.”

நதீஷா பேர்ணடெற்றின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “எப்பிடி டொக்டர்? அட்மிட் பண்ணோணுமா?”

அட்மிட் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இந்தப் பெண் பார்வையாளர் நேரத்துக்கு வருவாள். வரும்போது ஏதாவது சாப்பிடக் கொண்டுவருவாள். இன்னும் எத்தனையோ தரம் டொக்டர் என்று கூப்பிடுவாள். வேண்டாம் என்றால் இந்த மூன்று பேரும் என்ன சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் அவ்வளவையும் நினைத்துப் பார்த்தாள். நினைக்கவில்லை என்றால் பொய்.

“உதிலை ஒரு வருத்தமும் இல்லைப் பிள்ளை,” என்றாள். “ஒரு சொல்லும் மாத்தவேண்டாம். வீட்டை கொண்டுபோய் இண்டைக்கே அனுப்பும்.”

கீழே கொத்துரொட்டி போடும் சத்தம் கேட்டது.

“டொக்டர்,” என்றார் அகஸ்ரின் மெதுவாக, “ஒரு சோதினையும் செய்யாமலோ?”

“செய்தனான். ரெண்டுதரம் வாசிச்சனான்.”

“எல்லாக் கடிதத்தையும் உப்பிடி வீட்டை அனுப்பினால் நாங்கள் ஏன் இஞ்சை இருக்கிறம்?”

பேர்ணடெற் யாரும் கேட்காமலே கோட்டைக் கழற்றி, மடித்து, ஆறாம் கட்டிலில் வைத்தாள். கிருஷ்ணவேணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நதீஷாவுக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “ரியலி? ஒண்டுமே இல்லையா? ஓ மை கோட்!” என்று துள்ளினாள். எட்டி பேர்ணடெற்றைக் கட்டிப்பிடித்தாள். இந்த ஊருக்கு வந்தபிறகு யாரும் அவளை அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை.

“தாங்க்ஸ் அன்ரி!” என்று சொல்லிவிட்டுப் படியால் இறங்கி ஓடினாள்.